கசகசா எண்ணெய்

தொடையில் துளை போட்டு
ஈரல் வரைக்கும் குழாய் விட்டார்கள்.
கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைக்க
மருந்தைக் கசகசா எண்ணெயில் குழைத்தோம் என்றார் டாக்டர்.
குருமாவுக்கு அரைப்பாளே, அதே கசகசா.

கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவன் நான்,
செவ்வாய்ப்பேட்டையில், முப்பது வருஷமாக.
உருகினது சொன்ன இடத்தில் நிற்காது;
மயிரளவு சந்து போதும்.
எங்கேயோ ஒருத்தருக்கு இப்படி ஆகலாம் என்று
கையெழுத்து வாங்கும்போதே சொன்னார்களாம்.
எனக்கு ஞாபகமில்லை.

ஈரலுக்கு விட்டது மூளைக்கு ஏறிவிட்டது.
கண் நன்றாக இருக்கிறது, பார்வைதான் இல்லை.
அது இருசாயிக்குத் தெரியவில்லை.

"பொத்தானை மாத்திப் போட்டிருக்கே" என்கிறாள்.
நான் போட்டிருப்பது பனியன்.

ராத்திரி ஜன்னல் பக்கம் முகம் திருப்பி
ஏற்காட்டு மலையில் வண்டி ஏறுவதைச் சொல்கிறாள்:
"ஏழாவது வளைவு... எட்டு...
லாரியாட்டம் இருக்கு, மெதுவாப் போவுது."

திரை மூடித்தான் இருக்கிறது.
விலக்க எழுந்தவன்
பாதியில் நின்றேன்.

பதினோராவது வளைவில்
விளக்கைக் காணோமாம்.
"மரம் மறைச்சிருக்கும்" என்றேன்.
இரண்டு பேரும் காத்திருந்தோம்.