வாரம் ஒருமுறை, மெதுவாக

வினிபெக்கில் சனவரிக்கு ஈரம் கிடையாது.
ஹீட்டர் ஊத ஊத
வீட்டில் எல்லாமே வெடிக்கப் பார்க்கிறது:
கதவுச் சட்டம், மரக்கரண்டி, என் கன்னம்.

வந்த முதல் குளிரில்
வால்நட் ஓட்டுத் தூள் கலந்த பசையை வாங்கி
அடிப்பிடித்த பால்சட்டியைத் தேய்ப்பதுபோல்
முகத்தைத் தேய்த்தேன்.
அன்றிரவு பளபளத்தேன், உண்மைதான்.
மறுநாள் மைனஸ் முப்பத்தொன்றில்
பஸ்ஸுக்கு நின்றபோது
கண்ணீர் வழிந்த கோடெல்லாம்
எரிந்தது.

மருந்துக்கடை மரிசெல்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள்.
"யாரோடு சண்டை?" என்றாள்.
பிறகு சுட்டுவிரல் உயரத்தில் ஒரு போத்தல் தந்தாள்.
பால் புளித்தால் வருகிற அமிலம், ஐந்து வீதம்.
வாரம் ஒருமுறை.
காலையில் மறக்காமல் சன்ஸ்கிரீன்,
பனியிலும் வெயில் உண்டு.
"அது வேலை செய்யும்.
நீ செய்யாதே."

அன்றுமுதல்
ஞாயிறு இரவு எட்டரை மணி என்னுடையது.
வெதுவெதுப்பான தண்ணீர்.
துடைப்பதில்லை, ஒற்றி எடுப்பது.
நான்கு சொட்டு. கண்ணோரமும் வாயோரமும் விட்டு.
எரிவதில்லை,
ஒரு சின்னக் குறுகுறுப்பு மட்டும்,
பெயர் மறந்துபோன யாரோ
தெருவில் சிரித்துவிட்டுப் போனதுபோல.
அதற்குமேல் க்ரீம். அதற்குமேல் ஒன்றுமில்லை.

கமலரூபன் வாசலில் சாய்ந்து நின்று
"முகத்துக்குத் தயிர் தாளிக்கிறாய் போல" என்பான்.
நான் பேசமாட்டேன்.
அந்த வருடம் எங்களுக்குள் உரசல் கூட.
கார் இன்சூரன்ஸ்,
என்னிடம் சொல்லாமல் தங்கைக்கு அவன் அனுப்பிய காசு,
யார் பனி அள்ளுவது.
உரசினால் வழவழப்பாகும் என்பார்கள்.
எங்களுக்கு ஆகவில்லை.

பெப்ரவரியில் குப்பைத் தொட்டியை
பின்தெருவுக்கு இழுத்துப் போனவன்
தொட்டியோடு சறுக்கினான்.
கணுக்கால். இரண்டு இடத்தில்.
ஏழு வாரம் கட்டு.
உள்ளே அரிக்கிறதென்று பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்தான்.
ஊசியை ஒளித்து வைத்தேன்.
ஸ்கேலைத் தேடி எடுத்தான்.

ஏப்ரலில் கட்டை அறுத்து எடுத்தார்கள்.
உள்ளே இருந்தது அவன் கால் இல்லை.
யாருடையதோ ஒரு மெலிந்த கால்.
ஏழு வாரத்துத் தோல்
போக வழியில்லாமல் அங்கேயே தங்கி
பழுப்பாய், செதில் செதிலாய்ப் படிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் குளியல்தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
குதிகால் தேய்க்கும் கல்லைக் கையில் எடுத்தான்.
அவன் முகத்தில் வெறுப்பு இருந்தது,
அந்தக் கால்மேல்.
எனக்குத் தெரிந்த வெறுப்பு.

"கல்லை வை" என்றேன்.

என் போத்தலுக்குக் கை போனது, திரும்பி வந்தது.
இந்தத் தோலுக்கு அமிலம் ஆகாது.
வாளியில் வெதுநீர், இருபது நிமிடம்.
பழைய ஃப்ளானல் தலையணை உறையைக் கிழித்து நனைத்து
மேலிருந்து கீழே, அழுத்தாமல்.
வரத் தயாராய் இருந்தது வந்தது.
வராததை நான் இழுக்கவில்லை.
நீர் அரிசி களைந்ததுபோல் கலங்கியது.
அடியில் தெரிந்த தோல்
அப்பளமாவு நிறத்தில்,
தொட்டால் என் விரல்ரேகை பதியுமோ என்று பயந்தேன்.

"நோகுதா?"
"இல்லை." கொஞ்சம் பொறுத்து, "கூசுது."
சிரித்தான்.
காசைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

துணியைப் பிழிந்து எழப் போனேன்.
"மற்றக் காலையும்" என்றான்.
"அதில் ஒன்றும் இல்லையே."
"இல்லாவிட்டால் என்ன."

தண்ணீர் ஆறிப்போயிருந்தது.
மாற்றிக்கொண்டு வந்தேன்.