பதினேழாவது முறை

புதுவயல். ராத்திரி ஷிஃப்ட்.
எடைமேடைக் கூண்டுக்குள் நானும்
காரைக்குடியில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப்பும்.
செமிகோலனை இரண்டு தரம் குத்தினால்தான் விழும்.

லாரிக்கும் லாரிக்கும் நடுவே ஏழு நிமிடம்.
கலைந்த எண்களை வரிசைப்படுத்த வேண்டும்.
எழுதுவேன். ஓடும்.
முழுசாக அழிப்பேன்.
திரும்ப, வெறுந்திரையிலிருந்து.

பார்த்து எழுதியபோது எல்லாம் புரிந்திருந்தது.
மூடிவைத்து எழுதினால்
மூன்றாம் வரியிலேயே கை நிற்கிறது.
கண்ணுக்குத் தெரிந்ததை
கைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு லூப்
விடிகாலை மூன்று வரை உட்காரவைத்தது.
ஜீரோவில் தொடங்கி
நாற்பது வரை போயிருக்கிறேன்.
நாற்பது மூட்டையை நாற்பத்தொன்றாக எண்ணுகிறவனை
இந்த மில்லில் ஒரு நாள் வைத்திருப்பார்களா?
சிரித்தேன். தவிட்டுத் தூசியில் தும்மலும் வந்தது.

இன்று பதினேழாவது முறை.
ஹாரன் அடிக்கிறான் அறந்தாங்கி லாரிக்காரன்.
விரல் நிற்கவில்லை.
கடைசி அடைப்புக்குறியை மூடிய பிறகுதான் கவனித்தேன்,
எங்கேயும் யோசிக்கவே இல்லை.

ஓடியது.
ஒரு தப்பும் காட்டாதது
கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

அழித்தேன்.
ஜன்னலைத் திறந்து கத்தினேன்:
"ஏத்துங்கண்ணே!"