நாலெல்லை

அஞ்சரைக்குப் படகு அவிழ்க்கும் சேச்சி,
அப்புறம் யார் வந்தா, யார் வரலைன்னு
சூரியன் நின்னு எண்ணாது என்று
ஷைஜு ராத்திரியே சொல்லிவிட்டான்.

பூவாற்றில் ஒருநாள் படகு வீடு.
நாலு பெண்கள், ஒரு குளியலறை,
மேல்மூலையில் ரசம் போன ஒரே கண்ணாடி.
முறுக்கு சுற்றிவந்த காகிதத்தைக் கிழித்துச்
சீட்டுக் குலுக்கினோம், ஆளுக்கு ஏழு நிமிடம்.
முதலில் றோஸ்லெட், பிறகு லலிதாபாய்,
பிறகு ஷெர்லின்
(தோளோடு வெட்டிய முடி, புண்ணியம் செய்தவள்)
கடைசியில் நான்.

என் தலையைப் பற்றிச் சொல்லவேண்டும்.
கொல்லங்கோட்டில் பத்தொன்பது வருஷமாக ஆதாரம் எழுதுகிறேன்,
நாலெல்லை இல்லாமல் எதையும் விளக்க வராது:
வடக்கே நெற்றி,
தெற்கே பிடரி,
கிழக்கே கம்மல் போட்ட காது,
மேற்கே திருகாணி தொலைந்த காது,
இதற்குட்பட்ட பூமி முழுதும் சுருள்.
சீப்புக்கு வழிப்பாத்தியம் கிடையாது.

நனைத்தால் காய நாலு மணிநேரம்.
நனைக்காவிட்டால் காயல் காற்றில் தும்பு.
அதனால் வீட்டிலேயே திட்டம் போட்டு வந்திருந்தேன்,
இருமல் மருந்து சீசாவில் தேங்காயெண்ணெய்,
படுக்கும்போதே இறுக்கிப் போட்ட இரட்டைப் பின்னல்,
ஞாயிறு முதல் சனி வரை மூடி வைத்த மாத்திரை டப்பாவில்
கிழமைக்கு இரண்டாக ஸ்லைடுகள் பதினாலு.

நாலரைக்குப் போன றோஸ்லெட்
நாலு ஐம்பத்தெட்டுக்கும் வெளியே வரவில்லை.
முடி நேராக்கும் மெஷின் கொண்டுவந்திருக்கிறாள், படுபாவி.
அஞ்சு மணிக்கு ஷைஜு ஜெனரேட்டரை நிறுத்தினான்.
உள்ளேயிருந்து ஒரு சத்தம்.
கதவு திறந்தபோது
பாதித் தலை மழையில் நின்ற கதிர்போல நேராக,
மீதி அவள் அம்மை பெற்றெடுத்தபடி.
இருட்டில் சிரித்ததில்
இன்னொரு மூன்று நிமிடம் போயிற்று.

என் முறை வந்தபோது அஞ்சு இருபத்தாறு.
குளிப்பாவது ஒன்றாவது.
முகத்தில் தண்ணீர், உதட்டில் பாதி உப்பு,
ஷெர்லின் போன் வெளிச்சத்தைக் கூரைக்குப் பிடித்தாள்
எனக்குப் பிடிக்கவேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.
பின்னலை அவிழ்த்தேன், விரலால் கோதினேன்,
தடவித் தடவி வகிடு எடுத்தேன்.
டப்பாவைத் திறக்கையில் படகு ஒன்று தாண்டிப்போய்
அலை எங்களை உலுக்க,
வெள்ளிக்கிழமை இரண்டும்
பலகை இடுக்கு வழியே காயலில் விழுந்தன.

வகிடு எப்படி வந்தது என்றால்,
களியக்காவிளைப் பக்கம் ஒரு புரயிடத்துக்கு ஆதாரம் எழுதினேன்,
அடுக்களை தமிழ்நாடு, கிணறு கேரளம்,
நடுவில் எல்லை
பலாமரத்தைச் சுற்றிக்கொண்டு போகும்.
அப்படி.

பொழிமுகத்தில் இறங்கி
கடலைப் பார்த்து வரிசையாக நின்றோம்.
சூரியன் முதுகுக்குப் பின்னால்
எங்கள் மாவட்டத்துத் தென்னைகளுக்கு மேலே ஏறியது.
எட்டீ, தலைக்கு ஆயிரத்தெண்ணூறு ரூவா குடுத்து
நம்ம ஊரு சூரியனப் பாக்கவா வந்தோம்,
என்றாள் லலிதாபாய்,
தலயப் பாரு தலய.

அதற்குள் காற்று.
றோஸ்லெட்டின் நேரான பாதி ஈரம் குடித்துச் சுருண்டு
மற்றப் பாதியோடு சேர்ந்துகொண்டது.
ஷெர்லின் வாய் நிறைய முடி.
லலிதாபாயின் கொண்டை
ஒரு ஊசியில் தொங்கியது.
என் தலை எப்படி வந்ததோ அப்படியே,
அதைக் கலைக்கக் காற்றுக்கு ஒன்றும் மிச்சமில்லை.
ஷைஜு எடுத்த படத்தில்
நாலு சேலை இருக்கிறது, முகம் ஒன்றுகூட இல்லை.
இன்னொன்று எடு என்று யாரும் கேட்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் சரியாகப் போயிற்று.
வியாழன் சீவும்போது
பாதி எழுதிய மேற்கெல்லைமேல் மணல் உதிர்ந்தது.
வெள்ளிக்கிழமை மூடியைத் திறந்து
காலியாக இருந்ததைப் பார்த்து
விரித்த தலையோடு அலுவலகம் போனேன்.
சார்பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
உடம்புக்கு ஏதாவது?
இல்ல சார், பூவாத்துல கெடக்கு,
என்றேன்.