ஒன்பது மணி வரை

ஞாயிறு. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான்
கார்களுக்கு அடைத்தாயிற்று.
வாரமெல்லாம் இதில் பேருந்து ஓட்டும் நான்
மகளின் ஊதாச் சைக்கிளில்,
முட்டி ஹேண்டிலில் இடிக்க.

ஆரஞ்சு பனியன்கள் மணியடித்துக் கடக்கின்றன.
மணியோசை இத்தனை சின்னதா இந்தத் தெருவில்!
நிறுத்தம் வரும்போதெல்லாம்
வலது கால் பிரேக்கைத் தேடி
காற்றை மிதித்து ஏமாறுகிறது.

மூன்றாவது நிறுத்தத்தில் ஒருத்தி,
மாப்புக் கம்பும் வாளியுமாக.
"பஸ் எப்போது?"
சுராபாயா இழுவையோடு மலாயில் கேட்டாள்.
"ஒன்பதுக்குப் பிறகுதான், அக்கா."
அவளுக்கு ஏழரைக்கு வேலை.

வாளியை ஹேண்டிலில் மாட்டித்
தள்ளிக்கொண்டே நடந்தேன் அவளோடு
மஸ்ஜித் ஜாமெக் ரயிலடிக்கு.

"நீ பஸ் ஓட்டுறவனா?" என்றாள் பாதி வழியில்.
எப்படித் தெரியும்?

"ஒவ்வொரு நிறுத்தத்திலும்
நின்று நின்று வருகிறாயே."