கழித்தல் குறி

தபஜோஸ் கரையில் மழை நின்று நாற்பத்தொரு நாள்.
வண்டித்தடத்துச் செம்புழுதி
இரவிலும் அடங்கவில்லை.

எழுபத்திரண்டாம் எண் மசரண்டூபாவின் பக்கவேரில்
இரண்டு ஊசி சொருகியிருந்தோம்.
ஒன்று சூடேற்றும்; மற்றது
அந்தச் சூடு எந்தப் பக்கம் நகர்கிறதென்று பார்க்கும்.
பகலெல்லாம் ஒழுங்காக மரத்தை நோக்கி.
இரவு பத்தரைக்கு மேல்
எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.

கம்பியை மாற்றிப் பொருத்திவிட்டாய் என்றார் டொனீசியோ.
இருக்கலாம், எனக்கு முந்தின நாள் காய்ச்சல்.
கழற்றினேன், துடைத்தேன்,
சிவப்பைச் சிவப்போடு, கறுப்பைக் கறுப்போடு சேர்த்தேன்,
பேட்டரியையும் மாற்றினேன்.
அடுத்த இரவும் கழித்தல்.
அதற்கடுத்த இரவும்.

டொனீசியோ தொப்பியைக் கழற்றி வேரருகே குந்தினார்.
இலைகள் வாய்மூடிக் கிடக்கும் நேரத்தில்
ஆணிவேர் எட்டு ஆள் ஆழத்து ஈரத்தை இழுத்து
பக்கவேர் வழியே
வறண்ட மேல்மண்ணில் விட்டுக்கொண்டிருந்தது.

கொடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு
ஈரம் தானே போகும், அவ்வளவுதான்.
ஆனாலும் அதன் காலடியில்
சாண் உயரக் கன்றொன்று, யாருடைய விதையோ,
இலை சுருளாமல் நின்றது.

பிப்ரவரியில் குறி இடம் மாறும்.
அப்போது ஆணிவேரில் தலைகீழ் ஓட்டம்:
மேலே பெய்ததைக் கீழே இறக்கிப் பத்திரப்படுத்தும்,
இதே செப்டம்பருக்கு.

காலை ஒன்பதுக்குக் கோபுர உச்சியில்
என் மூக்குக்கண்ணாடி மங்குகிறது.
ராத்திரி வேர் ஏற்றிய தண்ணீர்
இலை இலையாய் வெளியேறி
மேகத்துக்குப் போகிற வழியில்
என் முகத்தையும் தொட்டுவிட்டுப் போகிறது.
எத்தனை டிகிரி குறையும், எவ்வளவு மழை கூடும் என்று
தூரத்து ஊர்க் கணினிகள் கூட்டிப் பார்க்கின்றன.

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்
தங்கை கணவன் ஒஸ்மரீனோவின் சோயா வயல்.
அங்கே இந்நேரம் மண் அடுப்புக்கல்.
விதைப்புக்கு மழை தள்ளிப் போகிறதென்று
மூன்று வருடமாக வானத்தைத் திட்டுகிறான்.
ஞாயிறு சாப்பாட்டில் என் நோட்டைப் புரட்டினான்.
பக்கம் பக்கமாகப் பென்சில் எண்கள்,
ஒவ்வொன்றின் முன்னும் சின்னக் கோடு.

"இராசில்டா,
என்னுடையது போல இதுவும் நஷ்டக் கணக்கா?"

மீன் முள்ளை எடுத்துக்கொண்டே
எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன்.