நாற்பத்தொன்றாவது கிலோமீட்டர்

ட்ரெலேவில் டேங்க் நிரப்பிக்கொண்டு
லாஸ் ப்ளூமாஸ் சாலையில் மேற்கே போனால்
நாற்பத்தொன்றாவது கிலோமீட்டரில்
என் ஃபோர்டு நிற்கும்.
எண்பத்தொன்றாம் வருடத்து பிக்கப்.
இருமாது, குலுங்காது, புகை விடாது.
பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில்
தூங்கிப்போவதுபோல நிற்கும்.

"சூடானதும் சாகிறதா? அப்போ காயில்தான்"
என்றார் கம்பளி மண்டி ப்ரைஸ்.
துணியை நனைத்துக் காயிலுக்குச் சுற்றினேன்,
காய்ச்சல்காரன் நெற்றியில் போடுகிற மாதிரி.
கிளம்பியது.
புதுக் காயில் வாங்கினேன்.
நாற்பத்தொன்றில் நின்றது.

"குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிறது,
துணிக் கிளிப் மாட்டு" என்றாள் நாத்தனார் மிர்த்தா.
பதினான்கு மரக் கிளிப்புகள்.
பானெட்டைத் திறந்தால்
எலிகளுக்கு யாரோ துணி உலர்த்தப்போவதுபோல் இருந்தது.
சிரித்துக்கொண்டே கிளம்பினேன்.
அழாத குறையாக நின்றேன்.

பிறகு பிளக். பிறகு பம்ப். ஃபில்டர் இரண்டு தடவை.
ஒவ்வொன்றையும் குற்றவாளி என்று கழற்றி
சீட்டுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் போட்டேன்.
அந்த வருடம் கம்பளி என்ன விலைக்குப் போனது என்று
உங்களுக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டேன்.

ஊர் எல்லையில் கொட்டகை போட்டிருந்த ஓமர் நவெல்கிர்
பானெட்டைத் தொடவேயில்லை.
"நின்றதும் என்ன செய்வாய் நெரிஸ்?
ஒன்று விடாமல் சொல்."

இறங்குவேன்.
"பிறகு?"
திட்டுவேன். வெல்ஷில் கொஞ்சம், ஸ்பானியத்தில் மீதி.
"பிறகு?"
பெட்ரோல் முள் செத்து நாலு வருடம்.
அதனால் பூட்டைத் திறந்து டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பேன்.
"இருக்குமா?"
இருக்கும். மூடுவேன். துணி சுற்றுவேன். கிளம்பும்.

மாத்தே உறிஞ்சுவதை நிறுத்தினான்.
"பூட்டா?"

மார்ச்சில் எவனோ இருபது லிட்டர் திருடிப் போனான்.
மறுநாளே சாவி போட்ட மூடி வாங்கினேன்.
"வண்டி எப்போதிலிருந்து நிற்கிறது?"
மார்ச் கடைசி என்று வாய் சொல்லும்போதே
எனக்குக் காது சுட்டது.

இரண்டு பேரும் ஏறிப் போனோம்.
நின்றது.
"மூடியைத் தொடாதே" என்றான்.
என் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கி
முகம் துடைத்துக்கொண்டான்.
காற்று கதவைப் பிய்க்கப் பார்த்தது.
கால் மணி நேரம். கர், கர், கர்.
அரை மணி. கர், கர்.
தெர்மாஸ் காலி.
புதருக்கு அந்தப் பக்கம் ஒரு குவானாக்கோ
இந்த இருவருக்கும் என்ன தகராறு என்று
மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்போது திற."

ஸ்ஸ்ஸ்ஸ்—
நீளமாக, உள்நோக்கி.

இத்தனை நாளும் அந்தச் சத்தம் இருந்திருக்கிறது.
நான் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

குடித்த அளவுக்குக் காற்று உள்ளே போக வழி வேண்டும்,
பழைய மூடியில் இருந்தது, இதில் இல்லை,
அவ்வளவுதான் என்றான்.
மூடியில் ஊசித் துளை ஒன்று போட்டான்.
கூலி வாங்கவில்லை. பதினான்கு கிளிப்பையும் கேட்டான்.
இந்தக் காற்றில் அவன் வீட்டுத் துணி
எத்தனை வேலி தாண்டிப் போயிருக்கிறதோ.

போன வாரம் நாற்பத்தொன்றைக் கடந்தேன்.
வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.
குவானாக்கோ மட்டும் பழக்க தோஷத்தில்
தலையைத் தூக்கிற்று.

மேடு பள்ளத்தில் அட்டைப்பெட்டி
இன்னும் அடியில் குலுங்குகிறது:
ஒரு காயில், ஒரு பம்ப், ஆறு பிளக்.
எதிலும் ஒரு குறையும் கிடையாது.
தூக்கி எறிய மனம் வரவில்லை.
திரும்ப மாட்டவோ
எனக்கு முகம் இல்லை.