பொய்ச்சன்னல்

உள்ளே அளந்தால் எழுபத்தொன்பது அடி மூன்று அங்குலம்.
வெளியே அளந்தால் எண்பத்து நான்கு.
இரண்டு சுவர்களின் தடிப்பு நாலடி. அதைக் கழித்த பிறகும்
எங்கோ ஒரு சாண் ஒளிந்திருக்கிறது.
நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த செபஸ்தியான்
"வீடு பொய் சொல்லுதுக்கா" என்றான்.

பள்ளத்தூர். பங்கு வழக்கு.
நீதிமன்றம் அனுப்பிய சர்வேயர் நான்.
பங்காளிகள் நாற்பத்திரண்டு புள்ளி.
இந்த ஊரில் புள்ளி என்றால்
ஒரு கணவன், ஒரு மனைவி, ஓர் அடுப்பு.
என் தாளில்
பென்சில் முனை தொட்டு எடுத்த இடம்.

கிளாஸ்கோவில் படித்த பத்து மாதமும்
பதினேழாம் எண் வீட்டின் நிலவறையில் இருந்தேன்.
ஆயிரத்து எண்ணூற்று இருபதுகளில் எழுந்த தெரு.
தோளோடு தோள் ஒட்டிய முப்பது வீடுகள்
தாங்கள் ஒரே அரண்மனை என்று
சாலையிடம் சாதித்துக்கொண்டு நிற்கும்.
நடுவிலுள்ள மூன்றுக்கு மட்டும் முக்கோண முடி;
அதன் கீழே ஒரு பல் மருத்துவர், ஒரு வக்கீல்,
பூட்டியே கிடந்த இன்னொன்று.

பதினாறுக்கும் பதினேழுக்கும் பொதுவாக ஓர் ஒட்டுத்தூண்.
பதினாறாம் வீட்டார் தங்கள் பாதியை மட்டும் கழுவினார்கள்.
உச்சி முதல் அடிவரை நூல் பிடித்த கோடு:
அவர்கள் பக்கம் தேன்நிறக் கல்,
எங்கள் பக்கம் இருநூறு வருடக் கரி.

அங்கேயும் மாடியில் ஒரு சன்னல் குருடு.
வரிக்குப் பயந்து அடைத்தது என்பார்கள்.
இல்லை, கட்டும்போதே மூடிய கண் அது.
உள்ளே புகைபோக்கி ஏறுகிறது,
வெளியே வரிசை கெடக் கூடாது.
அவ்வளவுதான்.

இங்கே எல்லாம் தலைகீழ்.
ஒரே கதவு, உள்ளே நாற்பத்திரண்டு பூட்டு.
முகப்பின் ஏழாம் இரும்புத் தூணைச் சுரண்டினேன்:
பச்சை, நீலம், காவி, மறுபடியும் பச்சை,
கடைசியில் வார்ப்பெழுத்தில்
நான் வாடகை கொடுத்த ஊரின் பெயர்.
பழைய வீட்டுக்காரரைப் பஸ்ஸில் பார்த்த மாதிரி
பேசுவதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா
என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

தூணின் தலையில் கிரேக்கத்து இலை.
அந்தச் செடியைக் கண்டிராத கொத்தனார்
மாடியின் சுதைத் தூண்களுக்கு
எருக்கிலை வைத்திருக்கிறார்.
பொருந்தத்தான் செய்கிறது.

ஒளிந்த சாணும் அங்கேதான் அகப்பட்டது.
மூலைக்கொன்றாக இரண்டு ஒட்டுத்தூண்கள்,
எதையும் தாங்காமல்
ஆளுக்கு நாலரை அங்குலம் துருத்திக்கொண்டு.

சிக்கல் நடுவில்.
மாடியில் ஏழு சன்னல். நாலாவது திறக்காது:
சுதையில் இழைத்த கம்பி, சுதையில் இழைத்த கதவு,
பின்னால் குறுக்குச்சுவர்.
பங்குக்கோடு சரியாக அதன் நெற்றியில் இறங்குகிறது.

"மூணரைச் சன்னல்னு எழுதுங்க" என்றார் வயிரவன்.
ஈப்போவிலிருந்து செல்போன் திரையில் உமையாள்,
"பாதி எங்களுடையது. திறந்து காட்டச் சொல்லுங்கள்."
திறக்காது என்றேன்.
"அப்ப அவங்க பூட்டிட்டாங்களா?"

மதியம் வெயிலுக்கு உள்ளே ஒதுங்கினேன்.
காவலுக்கு இருப்பவரின் மனைவி பஞ்சவர்ணம்
முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.
"அந்த நடுச் சன்னலா?
குடிவந்த அன்னைக்கே தட்டிப் பார்த்தேன்.
மேல்ரூம்ல ஒரே இருட்டு, பிள்ளைக்கு அம்மை.
உள்ள எங்க தேடியும் கொண்டி இல்ல.
வெளிய ஏணி போட்டு ஏறித்தான்
சுண்ணாம்புன்னு தெரிஞ்சுது."
உமியை ஊதினார்.
"நல்லா செஞ்சிருக்கான்."

சாயங்காலம் அறிக்கை.
மேல்தளம், தெருப்பக்கம்: சன்னல் ஆறு.
சன்னல் வடிவம் ஒன்று, திறக்காது.
தட்டிப் பார்த்தவர்: பஞ்சவர்ணம்.

பட்டியலில் இல்லாத பெயர்.
கோர்ட்டுக்கு அந்த வரி எதற்கு என்றான் செபஸ்தியான்.
தேவையில்லைதான்.
அடிக்காமல் விட்டேன்.